ஒரு குப்பிக்குள் குளிர்ச்சியும் கதகதப்பும்

வாசனைத் திரவியம் என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு எண்ணங்கள் எழுகின்றன. அது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்பது ஒன்று. ஆண்மகனுக்கு அதனுடன் என்ன வேலை என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. மூன்றாம் ஆண்டு வேதியியல் வகுப்பில் ஆண்டுதோறும் பெர்க்கின் வினையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டி வருகிறேன். மாணவர்களும் அதை மனப்பாடம் செய்து, தேர்வுத் தாளில் இறக்கி வைத்துவிட்டு, அன்றோடு மறந்து விடுகின்றனர். அந்த வினையிலிருந்து பிறந்த ஒரு பொருளைத்தான் அவர்களில் பலர் மாலை வேளைகளில் சட்டைக் காலரில் தெளித்துக் கொண்டு கடைவீதிக்குச் செல்கின்றனர் என்பதைச் சொல்லலாம் என்று தோன்றியது.

ஆண்கள் மாலையில் அணிவதற்கென்று விற்கப்படும் மணநீர்களின் பெட்டிகளைப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே வகையான புகழுரை காணப்படும்: புத்துணர்ச்சி தரும், அதே நேரத்தில் கதகதப்பானது. குளித்து முடித்த குளிர்ச்சியும் வேண்டும், கம்பளியைப் போர்த்திய வெதுவெதுப்பும் வேண்டும். முதல் பார்வைக்கு இது விளம்பரக்காரனின் வாய்ஜாலம் போலத்தான் தெரிகிறது. ஆனால் இதில் பொய் இல்லை. ஒரே நீர்மத்துக்குள் இரண்டையும் வைக்க முடியும். இரண்டும் ஒரே நேரத்தில் வெளிப்படுவதில்லை என்பதுதான் அதன் சூட்சுமம்.

மணம் என்பது மூக்கை வந்தடையும் ஆவி. ஆவியாகாத பொருளுக்கு மணமில்லை. ஒரு மணநீரில் எரிசாராயத்தில் கரைந்த பல பத்துச் சேர்மங்கள் இருக்கும். தோலில் பட்டதும் 78 செல்சியசில் கொதிக்கும் எத்தில் ஆல்கஹால் சில நொடிகளில் பறந்துவிடும். அடுத்து, எலுமிச்சை, நாரத்தை இனத் தோல்களில் உள்ள லிமோனீன் வேகமாக வெளியேறும். இதன் கொதிநிலை சுமார் 176. லாவெண்டர் பூவில் உள்ள லினலூல் சற்றுப் பொறுமைசாலி. அதன் கொதிநிலை 198. வெனிலின் 285, கூமரின் 301. இவை இரண்டும் அறை வெப்பநிலையில் திண்மங்கள். தோலையும் துணியையும் விட்டு எளிதில் அகலா. கொதிநிலை மட்டுமே ஆவியாகும் வேகத்தை முடிவு செய்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக் கொள்ளும் வலிமையும், கலவையில் ஒவ்வொன்றின் மோல் பின்னமும் அதில் பங்கு வகிக்கின்றன. ரவுல்ட் விதி எதற்குப் பயன்படும் என்று கேட்பவர்களுக்கு இதோ ஒரு விடை.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. வடிதாளை விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, நுனியை மணநீரில் தோய்த்து, மேசையின் ஓரத்தில் குண்டூசியால் குத்தி வைத்தால் போதும். எங்கள் துறை ஆய்வகத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு அப்படி ஒன்றை வைத்தோம். ஐந்து நிமிடத்தில் முகர்ந்தவர்கள் எலுமிச்சை என்றார்கள். அரை மணி கழித்து முகர்ந்தவர்கள் சோப்பு என்றும், முடிதிருத்தும் நிலையம் என்றும் சொன்னார்கள். பிற்பகல் வகுப்பு மாணவிகள் பாயசம் என்றார்கள். மறுநாள் காலை தாளைத் துப்புரவுப் பணியாளர் அம்மாவிடம் நீட்டினேன். மழை பெய்து விட்ட மரத்தடி போல இருக்கிறது என்றார். நால்வரும் சொன்னது சரியே. வில்லியம் பௌச்சர் என்ற ஆங்கிலேயர் 1950களில் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை இவ்வாறு தாளில் தோய்த்து, மணம் நிற்கும் கால அளவைக் கொண்டு 1 முதல் 100 வரை எண் கொடுத்து வரிசைப்படுத்தினார். சந்தனமும் பச்சிலையும் ஓக் மரப்பாசியும் 100 பெற்றவை.

ஆக, புத்துணர்ச்சி என்பது முதலில் ஓடிவிடும் மூலக்கூறுகளின் வேலை. கதகதப்பு என்பது தங்கி நிற்பவற்றின் வேலை. இடையில் லாவெண்டரும் ஜெரேனியமும் இரண்டுக்கும் பாலமாக நிற்கின்றன. மாலைக்கு இந்த அமைப்பு ஏன் பொருந்துகிறது என்பதும் இதிலிருந்து விளங்கும். ஆறு மணிக்குக் குளித்துவிட்டுப் புறப்படும்போது வேண்டியது ஒன்று. ஒன்பது மணிக்கு வெயில் தணிந்து, நண்பர்கள் அருகருகே அமர்ந்து பேசும்போது வேண்டியது மற்றொன்று.

பெரணிக்கு மணம் ஏது?

இந்த இணைப்பு நெடுங்காலம் யாருக்கும் கைகூடவில்லை. ஜெர்மனியின் கொலோன் நகரில் இத்தாலியரான ஃபரீனா குடும்பத்தினர் 1709இல் தொடங்கிய கடையிலிருந்துதான் உலகம் முழுவதும் பரவிய ‘ஓ தெ கொலோன்’ பிறந்தது. எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் ஆகியவற்றின் எண்ணெய்கள் அதன் உயிர். பெர்கமாட் என்பது இத்தாலியின் தென்கோடியில் கலாப்ரியா கடற்கரையோரம் விளையும் ஒரு நாரத்தை இனப் பழம். ஏர்ல் கிரே தேநீரைக் குடித்தவர்களுக்கு அதன் மணம் தெரியும். கொலோன் அருமையான குளிர்ச்சி தரும். ஆனால் அரை மணி நேரத்தில் ஆள் தனியாக நிற்பார். மறுபுறம் கஸ்தூரி, புனுகு, அம்பர் போன்றவை நாள் கணக்கில் நிற்கும்; ஆனால் பாரமானவை. நடுவே ஒரு பொருள் தேவைப்பட்டது.

அந்தப் பொருளுக்குப் பெயர் கூமரின். தென் அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளில் வளரும் ஒரு பெருமரத்தின் கருத்துச் சுருங்கிய விதைதான் டோங்கா. அவ்விதையை நறுக்கினால் புதிதாய் அறுத்து வெயிலில் காய்ந்த புல்லின் மணமும், வாதுமையின் மணமும், சிறிது வெனிலாவும் சேர்ந்தாற்போல் இருக்கும். 1820இல் ஃபோகல் என்ற ஜெர்மானியர் அதிலிருந்து வெண்படிகங்களைப் பிரித்தெடுத்து, பென்சோயிக் அமிலம் என்று கருதினார். அது வேறு பொருள் என்று கண்டு கூமரின் எனப் பெயரிட்டவர் பிரெஞ்சுக்காரரான கிபூர். அம்மரத்துக்கு அந்நாட்டு மக்கள் வழங்கிய பெயரே அச்சொல்லுக்கு மூலம்.

பதினெட்டாம் வயதில் கருஞ்சிவப்பு நீலச் சாயத்தைக் கண்டுபிடித்து 1856இல் புகழ்பெற்ற வில்லியம் ஹென்றி பெர்க்கின், 1868இல் சாலிசிலால்டிஹைடையும் அசிட்டிக் நீரிலியையும் சேர்த்துச் சூடாக்கி கூமரினை ஆய்வகத்தில் உருவாக்கினார். இயற்கையில் கிடைக்கும் ஒரு மணப்பொருளைக் குடுவையில் செய்ய முடியும் என்று காட்டிய தொடக்க கால வெற்றிகளுள் இது தலையாயது. 1874இல் டீமனும் ஹார்மனும் ஊசியிலை மரச் சாற்றிலுள்ள கோனிஃபெரினிலிருந்து வெனிலினைச் செய்தனர். அதே டீமன், ரைமருடன் சேர்ந்து 1876இல் வெளியிட்ட வினைதான் நாம் பாடத்தில் படிக்கும் ரைமர்-டீமன் வினை. ஃபீனாலிலிருந்து சாலிசிலால்டிஹைடு கிடைப்பது அதனால்தான் எளிதாயிற்று. இப்போது இரண்டு வினைகளையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். ஃபீனாலில் தொடங்கி கூமரினில் முடியும். பாடநூலில் இவை இரண்டும் வெவ்வேறு அலகுகளில் கிடப்பதால் இந்த உறவு கண்ணில் படுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

பாரிசில் 1775 முதல் இயங்கி வந்த ஊபிகான் என்ற மண நிறுவனத்தில் போல் பார்க்கே என்பவர் இந்தப் புதிய கூமரினைத் துணிந்து கையாண்டார். 1882இல் அவர் செய்த மணநீரின் பெயர் ‘ஃபூஜேர் ரொயால்’. அரசப் பெரணி என்று பொருள். மேலே பெர்கமாட்டும் லாவெண்டரும், நடுவில் ஜெரேனியம், அடியில் கூமரினும் ஓக் மரப்பாசியும் நின்றன. வேடிக்கை என்னவென்றால் பெரணிச் செடிக்குச் சொல்லும்படியான மணமே கிடையாது. ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ சென்றால் பறித்துக் கசக்கிப் பாருங்கள். வெறும் பச்சை வாடைதான். ரோஜாவையும் மல்லிகையையும் நகல் எடுப்பதுதான் மணக்கலை என்றிருந்த காலத்தில், இல்லாத ஒரு மணத்தைக் கற்பனை செய்து அதற்கு ஒரு செடியின் பெயரைச் சூட்டினார் பார்க்கே. இன்றும் அந்த அமைப்பில் வரும் மணநீர்களுக்கெல்லாம் ஃபூஜேர் என்றே பொதுப்பெயர். ஏழு ஆண்டுகள் கழித்து, ஈஃபெல் கோபுரம் எழுந்த அதே 1889இல், எமே கெர்லேன் லாவெண்டருடன் கூமரினையும் வெனிலினையும் சேர்த்து ‘ஜிக்கி’யைச் செய்தார். கதகதப்பு இன்னும் ஒரு படி ஏறியது.

கூமரினைப் பற்றிய ஒரு கிளைக்கதையை விட மனமில்லை. 1920களில் வட அமெரிக்காவில் மாடுகள் இரத்தம் உறையாமல் மடிந்தன. அவை தின்றது பூஞ்சை பிடித்த இனிப்புத் தீவனப்புல். அப்புல்லில் இருந்த கூமரினைப் பூஞ்சை வேறொரு சேர்மமாக மாற்றியிருந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் அதைப் பிரித்தறிந்தார். அந்த ஆராய்ச்சியின் வழியே 1948இல் எலிக்கொல்லியாக வந்ததுதான் வார்ஃபரின். இன்று இதய நோயாளிகள் பலர் விழுங்கும் மாத்திரையும் அதுவே.

வகுப்பில் எப்போதும் ஒரு மாணவர் எழுந்து கேட்பார்: “ஐயா, அப்படியானால் இதெல்லாம் செயற்கைதானே?” செயற்கை என்ற சொல்லை அவர் உச்சரிக்கும் விதத்திலேயே தீர்ப்பு அடங்கியிருக்கும். டோங்கா விதையிலிருந்து வந்த கூமரினும் குடுவையிலிருந்து வந்த கூமரினும் ஒரே மூலக்கூறு. மூக்குக்கும் தெரியாது, தோலுக்கும் தெரியாது. ஆனால் இந்த வாதத்தை லாவெண்டர் எண்ணெய்க்கு நீட்டக்கூடாது. தென் பிரான்சின் மலைச்சரிவுகளில் விளையும் லாவெண்டரின் எண்ணெயில் நூற்றுக்கும் மேற்பட்ட பகுதிப்பொருள்கள் உள்ளன. லினலூலையும் லினலைல் அசிடேட்டையும் மட்டும் கலந்து வைத்துக் கொண்டு அதை லாவெண்டர் என்பது, உப்பையும் புளியையும் கரைத்து வைத்துக் கொண்டு குழம்பு என்பதைப் போன்றது. எனக்குத் தெரிந்தவரை நல்ல மணநீர்கள் இரண்டையும் கலந்தே செய்யப்படுகின்றன.

குளிர்ச்சி யாருக்கு, வெம்மை யாருக்கு?

இனி நம் ஊர்க்காரர்களுக்கு எழக்கூடிய ஓர் ஐயம். பிரெஞ்சு மணக்கலைஞர்கள் சந்தனத்தைக் கதகதப்பான மணம் என்கின்றனர். நமக்கோ சந்தனம் குளிர்ச்சி. கோடையில் மார்பில் பூசுகிறோம். வெட்டிவேர் அவர்களுக்கு மண்வாசனையும் மரவாசனையும் கொண்ட அடிமணம். நமக்குப் பானைத் தண்ணீரில் போட்டுக் குடிப்பதும், தட்டியாகக் கட்டி நீர் தெளித்துக் காற்றை வரவழைப்பதும். அவர்கள் வழங்கும் ‘வெத்திவேர்’ என்ற சொல்லே தமிழிலிருந்து சென்றதுதான். ‘பாச்சுலி’ என்பதும் நம் பச்சிலையோடு தொடர்புடையதாகச் சொல்லப்படுகிறது. பெயர் நம்மிடமிருந்து போயிற்று. குளிர்ச்சி மட்டும் கப்பலேறவில்லை போலும்.

இதற்கு உடலியலில் விளக்கம் உண்டு. புதினாவிலுள்ள மெந்தால் தரும் குளிர்ச்சி கற்பனையன்று. குளிரை உணரும் நரம்பு முனைகளில் உள்ள ஓர் ஏற்பியையே அது நேரடியாகத் தூண்டுகிறது. 2002இல் கண்டறியப்பட்ட இந்த ஏற்பி பற்றிய ஆய்வு, டேவிட் ஜூலியசுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைக்கக் காரணமான பணிகளுள் ஒன்று. ஆனால் வெனிலாவின் வெதுவெதுப்பும் எலுமிச்சையின் புத்துணர்ச்சியும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றை முகரும்போது மூக்கிலுள்ள ஏறக்குறைய 400 வகை மண ஏற்பிகளில் சில தூண்டப்படுகின்றன. மற்றதெல்லாம் பழக்கம் சேர்ப்பது. அடுப்பருகே சுட்ட இனிப்பு ரொட்டியின் நினைவு ஐரோப்பியருக்கு வெனிலாவை வெதுவெதுப்பாக்குகிறது. ஈரச் சந்தனத்தின் நினைவு நமக்குச் சந்தனத்தைக் குளிர்ச்சியாக்குகிறது. ஆகவே பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம் ஊர் மூக்கு அப்படியே ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை.

இருபதாம் நூற்றாண்டில் ஃபூஜேர் முற்றிலும் ஆண்களின் சொத்தாகிவிட்டது. சவரத்துக்குப் பின் பூசும் நீர்களிலும் சோப்புகளிலும் அது புகுந்ததால்தான் எங்கள் மாணவர்களுக்கு முடிதிருத்தும் நிலையம் நினைவுக்கு வந்தது. 1964இல் வந்த ‘புரூட்’, 1978இன் ‘அசாரோ’, 1982இன் ‘டிராக்கார் நுவார்’ ஆகியவை இந்த மரபின் வாரிசுகள். டிராக்கார் நுவாரிலும், 1988இல் வந்த ‘கூல் வாட்டர்’ என்பதிலும் டைஹைட்ரோமிர்செனால் என்ற சேர்மம் தாராளமாகப் பயன்பட்டது. கற்பூரத் தைலமரத்து டர்பென்டைன் அல்ல, ஊசியிலை மரத்து டர்பென்டைனிலிருந்து கிடைக்கும் பைனீனே இதற்கு மூலப்பொருள். துவைத்து உலர்த்திய துணியின் சுத்தமான மணம் இதற்கு உண்டு. 1995இல் பிரான்சிஸ் குர்க்ஜான், தம் இருபதுகளில், ழான் போல் கோத்தியே நிறுவனத்துக்காகச் செய்த ‘லெ மால்’ புதினா, லாவெண்டர், வெனிலா மூன்றையும் முன்னிறுத்தியது. மேலே மெய்யான குளிர்ச்சி, கீழே இனிப்பான கதகதப்பு. நாம் பேசிவரும் மாலை மணத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

என் அண்ணன் துபாய்த் துறைமுகத்தில் கிரேன் இயக்குபவராக இருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுமுறையில் வருவார். மாலையில் குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்து, இரு காதுகளின் பின்னும் ஒரு சொட்டு ஃபூஜேர் தடவிக் கொண்டுதான் தெருவில் இறங்குவார். 2011இல் அவர் காலமானார். அவருடைய குப்பியில் மூன்றில் ஒரு பங்கு மீதியிருந்தது. 2019இல் அவர் மகன் அதே பெயருள்ள புதுக் குப்பியை வாங்கி வந்து தாயிடம் கொடுத்தான். அண்ணி முகர்ந்து பார்த்தார். முதலில் தலையசைத்தார். சமையல் வேலை முடிந்து மீண்டும் கையை முகர்ந்துவிட்டு, “இது உங்க அண்ணன் வாசம் இல்ல தம்பி” என்றார்.

அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் அவர் சொன்னது வேதியியல்படி சரி. மாறியிருந்தது அடிமணம்; குறிப்பாக ஓக் மரப்பாசி. பாசி என்கிறோமே தவிர, அது பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் லைக்கன். செட்டிநாட்டுச் சமையலில் போடும் கல்பாசி அதன் நெருங்கிய உறவு, ஒரே குடும்பம். அஞ்சறைப்பெட்டியைத் திறந்து முகர்ந்தால் ஃபூஜேரின் அடித்தளம் ஓரளவு பிடிபடும். இப்பாசியின் சாற்றில் அட்ரனால், குளோரோ அட்ரனால் என்ற இரு சேர்மங்கள் உள்ளன. சிலருடைய தோலில் இவை கடுமையான ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. எனவே மணத்தொழிலின் பன்னாட்டு அமைப்பு முதலில் மரப்பாசியின் அளவைக் குறைத்தது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் இவ்விரு சேர்மங்களையும் ஒப்பனைப் பொருள்களில் தடை செய்தது; 2019 ஆகஸ்டுக்குப் பின் அவற்றைக் கொண்ட புதுச் சரக்கு சந்தைக்கு வரக்கூடாது, 2021 ஆகஸ்டுக்குப் பின் பழைய சரக்கையும் விற்கக்கூடாது என்று கெடு விதித்தது. அவற்றை நீக்கிய பாசிச் சாறு இப்போது கிடைக்கிறது. பழைய மணத்தின் ஆழம் அதில் இல்லை.

அண்ணியின் முகத்தைப் பார்த்தபோது இந்தச் சட்டத்தின்மேல் எனக்கு வருத்தம் வந்தது உண்மை. ஆனால் எனக்கு முடி வெட்டும் நண்பரின் கைகளையும் நான் பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கணக்கில் சவரநீரைக் கையாண்டு விரலிடுக்குகள் வெடித்து, சீழ் கோத்து, ஒரு மாதம் கடையைப் பூட்டினார். மருத்துவமனையில் முதுகில் ஒட்டுச் சோதனை செய்து நறுமணக் கலவை ஒவ்வாமை என்றனர். அந்தச் சோதனைக் கலவையில் அடங்கிய எட்டுப் பொருள்களில் ஓக் மரப்பாசியும் ஒன்று. ஒருமுறை இவ்வகை ஒவ்வாமை பிடித்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் விடாது. மணத்தைத் தடவிக் கொள்பவருக்கு அது விருப்பம், அவருக்குப் பிழைப்பு. எனவே சட்டத்தின் பக்கமே நான் நிற்கிறேன்.

பழைய மணங்கள் அடியோடு அழிந்துவிடவில்லை. பிரான்சில் வெர்சாய் நகரில் 1990இல் ‘ஓஸ்மோத்தெக்’ என்ற மணக் காப்பகம் தொடங்கப்பட்டது. மறைந்துபோன மணநீர்களைப் பழைய குறிப்புகளின்படி மீண்டும் செய்து, குப்பியின் வெற்றிடத்தில் ஆர்கான் வாயுவை நிரப்பி, இருளில், 12 செல்சியசில் அங்கே காத்து வருகின்றனர். 1882இன் ஃபூஜேர் ரொயாலும் அங்கு உண்டு. எங்கள் வீட்டில் ஆர்கான் இல்லை. அண்ணனுடைய குப்பியை அண்ணி பீரோவின் அடித்தட்டில் துணி சுற்றி வைத்திருக்கிறார். அதன் மேல்மணம் கெட்டுவிட்டது. திறந்ததும் டர்பென்டைன் நெடி அடிக்கும். அரை மணி நேரம் பொறுத்தால் அடிமணம் வரும். தாளில் தொட்டு முகரலாம், தோலில் தடவ வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். காற்றுப்பட்ட லினலூலும் லிமோனீனும் ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறி ஒவ்வாமையைத் தூண்டும் என்பதே காரணம்.

வாங்க நினைக்கும் மாணவர்களுக்குச் சில செய்திகள். பெயர் முகவரி இல்லாமல் நடைபாதையில் விற்கும் குப்பிகளைத் தவிர்க்கவும். உள்ளே என்ன கரைப்பான் என்று யாருக்கும் தெரியாது. புண்ணிலும், சவரம் செய்த உடனேயும் தெளிக்க வேண்டாம். பெர்கமாட் எண்ணெயில் இயற்கையாக உள்ள பெர்காப்டென் வெயில் பட்டால் தோலைக் கருக்கிவிடும். அது நீக்கப்பட்ட எண்ணெயையே நல்ல நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன என்றாலும், இதுவும் மாலைக்கு ஒரு நியாயம். நம் புழுக்கத்தில் இரண்டு தெளிப்புக்கு மேல் வேண்டாம். பேருந்தில் பக்கத்தில் நிற்பவரும் மனிதர்தான்.

கடையில் தாளில் தெளித்து உடனே நீட்டுவார்கள். அப்போது மேல்மணம் மட்டுமே பேசும். அதை நம்பிப் பணத்தை எடுக்காதீர்கள். மணிக்கட்டில் ஒரு தெளிப்பு வாங்கிக் கொண்டு, தேநீர் குடித்து, நூலகத்துக்குப் போய்விட்டு, மூன்று மணி நேரம் கழித்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிச் செல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.